ஒரு லாப்ரடார், சோறு போட ஐந்து பேர், மூன்று மாத வயிற்றுப்போக்கு

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஐந்து வயது ஆண் லாப்ரடார். கருத்தடை செய்யப்பட்டது, எடை 38 கிலோ. பெயர் டைகர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போகிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். முக்கி முக்கிப் போகிறான், சளி போலக் கலந்து வருகிறது, சில நாள் கடைசியில் ஒரு சொட்டு ரத்தம். விடியற்காலையில் அவ்வப்போது மஞ்சள் நுரையாக வாந்தி. சாப்பாட்டிலும் விளையாட்டிலும் ஒரு குறையும் இல்லை.

காலையும் மாலையும் தயிர்சாதம் வைப்பது வாசகி. மாமனார் டீ குடிக்கும் நேரத்தில் டைகருக்கும் ஒரு கிண்ணம் பால், ஏழெட்டு மேரி பிஸ்கட். மதியம் மிஞ்சிய சாம்பார் சாதமோ ரசம் சாதமோ மாமியார் கையால். கணவர் கறிக்கடையில் கோழித் தோல், கழுத்து, கால் வாங்கிவந்து வேகவைத்துப் போடுகிறார். ஞாயிறு என்றால் மட்டன் எலும்பு. பத்து வயது மகன் எதைத் தின்றாலும் பாதி டைகருக்கு. வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓமத் தண்ணீர். கேட்காவிட்டால் மெடிக்கலில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. இரண்டு நாளில் நின்றுவிடுகிறது, இரண்டு வாரத்தில் திரும்பவும். “நாய்க்கு அரிசியே ஆகாது, பாக்கெட்டுக்கு மாத்து” என்கிறார் கணவர். “நம்மூர் நாயெல்லாம் பழைய சோறு தின்னுதான வளந்துச்சு” என்கிறார் மாமியார். “பேசாம தோட்டத்துல கொண்டுபோய்க் கட்டிரலாம்” என்கிறார் மாமனார். புல் தின்பதும் பின்பக்கத்தைத் தரையில் தேய்ப்பதும் பூச்சிதானா, மகனுக்கு ஏதும் தொற்றுமா என்றும் வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மலத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதக் கூச்சப்பட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வழிகாட்டியதே அந்த வரிகள்தான். சிறுகுடலில் கோளாறு என்றால் நாய் இரண்டு மூன்று தடவைதான் போகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும். நாளாக ஆக உடம்பு இளைக்கும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கலோடு, சளியும் சிவப்பு ரத்தமுமாகப் போனால் அது பெரும்பாலும் பெருங்குடல் அழற்சி. டைகருக்கு நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. அவன் இளைக்கவில்லை, பசியும் இருக்கிறது. அதனால் பதற்றப்பட வேண்டாம். ஆனால் மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டாலே அதை நாட்பட்ட வயிற்றுப்போக்கு என்றுதான் கால்நடை மருத்துவர்களான நாங்கள் கணக்கில் எடுப்போம். அதற்குக் கைவைத்தியம் போதாது.

மற்றதைப் பேசுவதற்கு முன் ஒன்று. கீழே சொல்வதில் ஏதாவது தென்பட்டால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. தார் மாதிரி கறுப்பு மலம், அல்லது ரத்தமாகவே போவது. ஈறு வெளுத்துப்போவது. முன்னங்காலை நீட்டி, மார்பைத் தரையோடு வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பது. கணையம் வீங்கினால் வரும் வயிற்றுவலியில் நாய்கள் அப்படி நிற்கும். வயிறு உப்பிக்கொண்டு, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவிப்பது. பெரிய இன நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்வதன் அடையாளம் இது, சில மணி நேரத்தில் உயிரே போகும். இதற்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த மாத்திரை

மெட்ரோனிடசோல் கொடுத்ததும் நின்றுவிடுகிறது, அப்படியானால் மருந்து சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண வயிற்றுப்போக்கு நாய்களுக்கு மருந்தே இல்லாமலும் சில நாளில் நின்றுவிடும். அந்த நேரத்தில் கொடுத்த மாத்திரைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. மாத்திரை கொடுக்கும் இரண்டு நாளும் “பாவம், வயித்துக்கு ஆகாம இருக்கான்” என்று பாலையும் எலும்பையும் நிறுத்திவிடுகிறீர்கள். அதை நீங்களே கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குணப்படுத்தியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மாத்திரை குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. அந்த இழப்பு சரியாகப் பல வாரம் ஆகலாம். அதற்குள் அடுத்த தடவை, அதற்கு மேல் இன்னொரு தடவை. அளவு மிஞ்சினாலோ, நீண்ட நாள் கொடுத்தாலோ நரம்பு மண்டலமும் பாதிக்கப்பட்டு நாய் தள்ளாடும். லேசான, நடுத்தரமான திடீர் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுதான் ஐரோப்பியக் கால்நடை மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் ஒழிய இனி மெடிக்கலில் இதை வாங்காதீர்கள். பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் லோபெரமைடும் வேண்டாம். நாய்க்குக் காய்ச்சல், வலி என்று ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கொடுப்பது இன்னும் மோசம்: இரைப்பை புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும்.

அரிசியா, பாக்கெட்டா?

உங்கள் கணவர் சொல்வது பாதி தவறு. மாமியார் சொல்வதும் பாதிதான் சரி.

நாய்க்கு அரிசி செரிக்காது என்பது கட்டுக்கதை. 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான். நாய்களிடம் முப்பது வரைகூட இருந்தது. மனிதன் போட்ட தானிய உணவைத் தின்று பழகிய வயிறு அது. நன்றாகக் குழைய வெந்த சோறு நாய்க்கு எளிதாகச் செரிக்கும். வயிறு சரியில்லாத நாய்க்கு நாங்களே சோறுதான் கொடுக்கச் சொல்கிறோம்.

பழைய சோறு தின்று வளர்ந்த நாட்டு நாய் அதை மட்டுமா தின்றது? வயல் எலி, மீன் தலை, ஆடு அறுத்த இடத்துக் குடல், ஈரல் என்று ஊரெல்லாம் சுற்றித் தின்றது. நாளெல்லாம் ஓடியது. குட்டியிலேயே செத்துப்போனவற்றை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. டைகர் காம்பவுண்டுக்குள் இருக்கிறான். கிண்ணத்தில் விழுவதுதான் அவனுக்கு எல்லாமே. வெறும் தயிர்சாதத்தில் அவனுக்கு வேண்டிய புரதம் இல்லை, சுண்ணாம்புச் சத்து போதாது, சில வைட்டமின்களும் தாதுக்களும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பசி தீருகிறது, அவ்வளவுதான்.

பாக்கெட் உணவு கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ‘முழுமையான சமச்சீர் உணவு’ என்று அச்சிட்ட, வளர்ந்த நாய்க்கான பாக்கெட்டை வாங்கினால் சத்துக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோ கணக்கில் அள்ளிக் கொடுப்பதை மட்டும் வாங்காதீர்கள். என்று தயாரித்தது என்று தெரியாது. காற்றுப்பட்டுக் கொழுப்பு சிக்கெடுத்திருக்கும். ஆனால் இப்போது இருக்கும் நிலையில் பாக்கெட்டைத் திறந்து, ஐந்து பேரும் போடுவது அப்படியே தொடர்ந்தால், கிண்ணத்தில் ஆறாவதாக ஒரு தினுசு சேர்ந்தது போலத்தான்.

கிண்ணத்தில் விழுவதைக் கணக்குப் பார்ப்போம்

டைகர் இருக்க வேண்டிய எடை சுமார் 30 கிலோ. கருத்தடை செய்த, அந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 கலோரி போதும். நீங்கள் எழுதிய அளவுப்படி இரண்டு வேளையும் சேர்த்து 800 கிராம் சோறு, ஒரு கிண்ணம் தயிர், 300 மில்லி பால், பிஸ்கட். இதிலேயே 1,500-ஐத் தாண்டிவிடுகிறது. மாமியாரின் மதியச் சோறும், கணவரின் கோழித் தோலும், மகனின் முறுக்கும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. “எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறானே” என்கிறீர்கள். கேட்பான். லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் குறை இருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பார்வையைப் பார்த்து அளவு வைக்கக் கூடாது.

பால்: வளர்ந்த நாய்களின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். சில நாய்களுக்கு ஒரு கிண்ணம் ஒன்றும் செய்யாது, சிலவற்றுக்கு அதுவே பேதி மருந்து. டைகருக்கு நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு. பிறகு ஓரிரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம்.

கோழித் தோல், கொழுப்பு: என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான். கொழுப்பு மிகுந்த உணவு பெருங்குடலையும் கிளறும், கணையத்தையும் வீங்கச் செய்யும். குண்டான நடுவயது நாய்களுக்கு ஆபத்து கூடுதல். தீபாவளி, கோயில் கொடை, கல்யாண வீடு முடிந்த மறுநாள் எங்களிடம் வரும் நாய்களைப் பார்த்தாலே இது தெரியும்.

வெந்த எலும்பு: அறவே வேண்டாம். வெந்தால் எலும்பு சிராய் சிராயாக உடையும். தொண்டையில் சிக்கும், குடலைக் குத்தும். தப்பித்தால் சுண்ணாம்புக் கட்டி போல இறுகி மலச்சிக்கல். திங்கட்கிழமைகளில் ரத்தச் சொட்டு அதிகம் என்று நீங்கள் குறித்திருப்பதற்கும் ஞாயிற்றுக்கிழமை எலும்புக்கும் தொடர்பு இருக்கலாம்.

சாம்பார், ரசம்: இங்கேதான் மாமியாரிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரே நாளில் கிலோ எடைக்கு 15 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும் என்பது கணக்கு. டைகர் எடைக்கு அது அரை கிலோவுக்கு மேல். ஒரு கரண்டி சாம்பாரில் அவ்வளவு இருக்காது. ஆகவே இத்தனை நாள் போட்டதற்காக அவர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் தினம் தினம் சேர்ந்தாலும் கெடுதல்தான். புளி விஷயம் பலருக்குத் தெரியாது. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது வெகு காலமாகத் தெரியும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்ற கருத்து 2021-க்குப் பிறகு வலுத்திருக்கிறது. அதே அமிலம் புளியில் ஏராளம். புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றியும் மருத்துவக் கட்டுரை வந்துவிட்டது. எனவே புளிக்குழம்பு, புளியோதரை, ரசம், பாயசத்து உலர்திராட்சை எதுவும் வேண்டாம்.

பிஸ்கட்: ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி. விஷம் இல்லை, வீண். ஆனால் மாமனார் கையைப் பார்த்து டைகர் உட்கார்ந்திருப்பதும், அவர் பிட்டுப் போடுவதும் இரண்டு பேருக்கும் பிடித்த காரியம். அதைப் பறித்தால் அவர் ஒளித்துக் கொடுப்பார். பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் துண்டு, வெள்ளரித் துண்டு அவர் கையில் கொடுங்கள். மகனுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு: சாக்லேட்டும், சர்க்கரை சேர்க்காத சூயிங் கம்மும் நாயைக் கொல்லக்கூடியவை. பின்னதில் இருக்கக்கூடிய சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்தில் தரைமட்டமாக்கிவிடும்.

அடுத்த இரண்டு வாரம்

இது மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டியது. தோலும் எலும்பும் நீக்கிய கோழிச் சதை, வெந்த பிறகு 250 கிராம். குழைந்த சோறு 400 கிராம். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி இரண்டு மேசைக்கரண்டி. அதிலுள்ள நார்ச்சத்து பெருங்குடலுக்கு நல்லது. உப்பு, எண்ணெய், மசாலா, இஞ்சி பூண்டு விழுது எதுவும் கூடாது. இதை நான்காகப் பிரித்து நாள் முழுவதும் கொடுங்கள். சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துப் போடுங்கள். ‘இரண்டு கை’ என்பது உங்கள் கைக்கும் கணவர் கைக்கும் வேறு வேறு. மொத்தம் 900 கலோரி சொச்சம் வரும், எடையும் கொஞ்சம் இறங்கும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மே மாத வெயிலில் தின்னாமல் மிச்சம் வைத்தால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

நான்காவது வேளையை இரவு படுக்கப்போகும் முன் கொடுங்கள். விடியற்காலை மஞ்சள் நுரைக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். மாலை ஆறு மணிக்குத் தின்றுவிட்டு மறுநாள் எட்டு மணி வரை வெறும் வயிற்றோடு இருந்தால், பித்தநீர் இரைப்பைக்கு ஏறி வாந்தியாக வரும்.

இந்த இரண்டு வாரத்தில் அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறு எதுவும் அவன் வாயில் விழக் கூடாது. மாமனாரின் கேரட்கூட அதன் பிறகுதான். நடுவில் ஒரே ஒரு நாள் ஒரு துண்டு கறி விழுந்தாலும், எதனால் என்று கண்டுபிடிக்கும் முயற்சி வீணாகிவிடும். ஆகவே சோறு வைப்பதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மாமியார்தான் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார் என்றால் அவரிடமே கொடுத்துவிடுவது நல்லது. நம் கையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்ற மனவருத்தமும் வராது, பொறுப்பு தன்னிடம் இருந்தால் சாம்பார் தானாகவே நிற்கும்.

உணவினால் வந்த கோளாறு என்றால் இரண்டு வாரத்துக்குள் மலம் உருவம் பிடிக்க வேண்டும். கையில் எடுத்தால் உடையாமல் வருகிற, தரையில் பெரிதாக ஒட்டாத மலம் சரியானது. அப்படி வந்துவிட்டால், இனி நிரந்தரமாகப் பாக்கெட்டா வீட்டுச் சாப்பாடா என்று நிதானமாக முடிவு செய்யலாம். எதற்கு மாறினாலும் ஏழு நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் மேலே சொன்ன பத்தியத்தையே ஆண்டுக்கணக்கில் தொடரக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லை. எலும்பிலிருந்து உருவி எடுத்துத்தான் உடம்பு சமாளிக்கும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாகப் பொடித்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். வெந்த முட்டை, வாரத்தில் சில நாள் முள் நீக்கிய மீன், கொஞ்சம் ஈரல், வைட்டமின்-தாதுக் கலவை, இவற்றின் அளவை மருத்துவர் டைகர் எடைக்கு ஏற்ப எழுதித் தர வேண்டும்.

இரண்டு வாரம் ஒழுங்காகக் கொடுத்தும் மாறவில்லை என்றால், கோழியே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அவன் இதுவரை தின்றிராத வேறொரு புரதத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் அப்போது தேவைப்படும்.

புல், தேய்ப்பது, பூச்சி

புல் தின்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் ஏறக்குறைய 1,500 நாய் வளர்ப்போரைக் கேட்டதில், புல் தின்னும் நாய்களில் அதற்கு முன் உடம்பு சரியில்லாமல் தெரிந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. நாய்கள் புல் தின்னும், அவ்வளவுதான். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத்தைத் தேய்ப்பதற்குப் பெரும்பாலும் ஆசனவாயின் இரு பக்கமும் இருக்கும் சுரப்பிப் பைகள் நிறைந்திருப்பதே காரணம். மலம் இறுக்கமாகப் போனால் அந்தப் பைகள் தாமாக அமுங்கிக் காலியாகும். மூன்று மாதமாகத் தண்ணியாகப் போனால் எப்படிக் காலியாகும்? மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். வால் அடியிலோ மலத்திலோ அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலை டைகருக்குக் கொடுக்காதீர்கள், அது நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்த நேர்வுகள் உண்டு. நாய்க்கென்று இருக்கும் மருந்தை, எடை பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள்.

மகனுக்குத் தொற்றுமா என்றால், உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மனிதருக்கு வரக்கூடியவை. அவற்றின் முட்டை மண்ணில் சில நாள் முதல் சில வாரம் வரை கிடந்த பிறகே தொற்றும் பக்குவத்துக்கு வரும். கொல்லையில் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மண்ணில் விளையாடினால் செருப்பு, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இரண்டையும் கண்டிப்பாக்குங்கள். நாயை விலக்கி வைக்கத் தேவையில்லை.

தோட்டத்தில் கட்டிவைப்பது பற்றி மாமனாரிடம் ஒன்று கேளுங்கள்: அங்கே தினமும் அவன் மலத்தை யார் பார்ப்பார்கள்? வியாதியோடு அனுப்பினால் வியாதியும் கூடவே போகும்; சளி வந்ததா ரத்தம் வந்ததா என்று குறித்துவைக்க அங்கே ஆள் இருக்காது. குணமான பிறகு அந்தப் பேச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கல்லூரி மருத்துவமனையில் நாய்களையும் பார்க்கிறார்கள். போகும்போது அன்று காலை மலத்தில் ஒரு கரண்டி அளவு, மண் ஒட்டாமல், மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்துப்போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாது என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். ஒரு தடவை பார்த்து ஒன்றும் இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். ஜியார்டியா போன்ற கிருமிகள் விட்டுவிட்டுத்தான் வெளியேறும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மாதிரி கேட்பார்கள். கொடுத்த மாத்திரைகளின் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், எனக்கு எழுதியது போலவே யார் என்ன போட்டார்கள் என்ற பட்டியல், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பட்டியலில் மட்டன் எலும்பை விட்டுவிடச் சொல்லிக் கணவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.